‘பவுண்ட்’ படம் பற்றிப் பரவும் தவறான தகவல்

“மேட்ரிக்ஸ்தான் வச்சௌஸ்கி சகோதரிகள் இயக்கிய முதல் படம். பவுண்ட் அதன் வெற்றிக்குப் பிறகு வந்தது, அதில் காதலிகள் இருவரும் கடைசியில் செத்துவிடுகிறார்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

லானா, லில்லி இருவரும் எழுதி இயக்கிய முதல் படம் பவுண்ட். அமெரிக்காவில் 1996 அக்டோபரில் வெளியானது. மேட்ரிக்ஸ் வந்தது 1999 மார்ச்சில். இரு படங்களின் பெயர்ப் பட்டியலையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்: ஒளிப்பதிவு பில் போப், படத்தொகுப்பு ஸாக் ஸ்டேன்பெர்க், இசை டான் டேவிஸ், நடிப்பில் ஜோ பான்டோலியானோ. பவுண்டில் சேர்ந்த கூட்டணியே மேட்ரிக்ஸுக்கும் போனது.

முடிவைச் சொல்லாமல் இந்தத் தவறைத் திருத்த முடியாது. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். மாஃபியாவின் சுமார் 20 லட்சம் டாலரைச் சுற்றிய கதை இது. ரத்தம் படிந்த நோட்டுகளை மாஃபியா ஆளான சீசர் கழுவி, கொடியில் காயவைத்து, இஸ்திரி போடும் காட்சி மறக்கவே முடியாதது. கடைசியில் சாவது அவன்தான். காதலிகளான வயலட்டும் கார்க்கியும் பணத்தோடு வண்டியேறிச் சேர்ந்தே போகிறார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இப்படி முடிவது அரிது. படத்தின் பெருமையே அதுதான். அதையே தலைகீழாக்கிச் சொல்வது பெரிய அநியாயம்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்தத் திருத்தத்தை அனுப்புங்கள்.