‘எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்றால் காப்புரிமை விழாது

கால்நடை மருந்துக் காப்புரிமை பற்றிப் பேச்சு வந்தால் மாதவரம், வேப்பேரி பக்கத்து மருத்துவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இதுல புதுசா என்ன இருக்கு?” கேள்வி நியாயமானது. ஆனால் தேதியும் தாளும் இல்லாமல் கேட்டால் ஒரு காப்புரிமையும் ரத்தாகாது.

ஒரு விண்ணப்பம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வழக்கமான 2.5 சதவீத அல்பெண்டசோல் (குடற்புழு மருந்து) திரவத்துக்குப் பதில், வெள்ளாட்டுக்கென்று 5 சதவீதம். வெள்ளாட்டின் கல்லீரல் குடற்புழு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைக்கும். அதனால் செம்மறிக்குத் தருவதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தருவது நெடுநாள் வழக்கம். மருந்தின் அடர்த்தியைக் கூட்டி, குடிக்கவைக்கும் மில்லியைக் குறைப்பது துறை தெரிந்த யாருக்கும் தோன்றும்; அது கண்டுபிடிப்பு ஆகாது. ‘இத்தனை மில்லி கொடு’ என்ற சிகிச்சை முறைக்கோ, காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவின்படி இங்கே காப்புரிமையே கிடையாது. அதனால்தான் அதையே ‘கலவை’ என்று மாற்றி எழுதி வருகிறார்கள்.

அவசரப்படவும் கூடாது. அடர்த்தி கூடினால் மருந்துத் துகள் அடியில் கட்டியாக இறுகும். குலுக்கினாலும் கரையாது, முதல் ஆட்டுக்கு வெறும் தண்ணீர், கடைசி ஆட்டுக்கு மிகை மருந்து. துகள் அளவையும் தாங்குபொருளையும் (மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள்) எதிர்பாராத விதத்தில் சேர்த்து இதைத் தீர்த்து, ஒப்பீட்டுச் சோதனையும் காட்டினால், கண்டுபிடிப்பு அங்கே இருக்கலாம். விலங்கு மாறினாலும் கணக்கு மாறும். நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்தான பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும், பாராசிட்டமாலும் அப்படியே. ஒரு விலங்கில் வேலை செய்தது இன்னொன்றில் செய்யும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்ததா என்பதுதான் வழக்கின் உயிர். காப்புரிமையை எதிர்க்கும் நம் ஆட்கள் தோற்பது இங்கேதான்: இரண்டு பழைய கட்டுரைகளை ஒட்டிவைப்பார்கள், அவற்றைச் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்கும் என்று சொல்லமாட்டார்கள். விடை தெரிந்தபின் பின்னோக்கிப் பார்க்கக் கூடாது என்று 2015-இல் ரோச் – சிப்லா மருந்து நிறுவனங்களின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆதாரம் முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) முந்தியதாக இருக்க வேண்டும். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக முதுநிலை ஆய்வேடுகள் பெரிய புதையல். ஆனால் சமர்ப்பித்த தேதி போதாது, நூலகத்தில் பொதுப் பார்வைக்கு வந்த தேதி வேண்டும். நூலகப் பதிவேட்டின் நகலைச் சான்றோடு வாங்குங்கள்.

வழங்கும் முன் எதிர்ப்பை 7ஏ படிவத்தில் யாரும் தரலாம். விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதத்துக்குள் காப்புரிமை வழங்க முடியாது என்பதால், வெள்ளிதோறும் வரும் காப்புரிமை இதழைப் பார்ப்பவருக்கு அவகாசம் நிச்சயம். வழங்கியபின் என்றால் ஓராண்டுக்குள், அதுவும் தொடர்புடையவர் மட்டுமே. அதையும் விட்டால் 64ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம்தான்; செலவு பல மடங்கு. கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் முதல் கட்டத்திலேயே, பாடநூல் பக்கத்தைக் குறிப்பிட்டு, ‘அன்று இத்துறையில் எது பொது அறிவு’ என்று ஒரு பேராசிரியர் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். தயவுசெய்து தாருங்கள், ஐயா.