ஏலம் விடாம மோனோபோலி ஆடாதீங்க

மோனோபோலி, அதான் இடம் வாங்கி வாடகை வசூல் பண்ற போர்டு ஆட்டம், ஒரே இழுவை, கடைசில சண்டைலதான் முடியும்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சு கடலூர்ல கரண்ட் இல்லாம கெடந்தப்ப மெழுகுவத்தி வெளிச்சத்துல நாள்கணக்கா இததான் ஆடுனோம், ஒரு ஆட்டம் முழுசா முடிஞ்சதா ஞாபகம் இல்ல. ப்ரீ பார்க்கிங்னு இருக்குற கட்டத்துல நின்னா நடுவுல கெடக்குற பணம் மொத்தமும் உனக்கு, இடம் வாங்க புடிக்கலயா பாஸ் பண்ணிடு, அவ்ளோதான் எங்களுக்கு தெரிஞ்ச ரூல்.

ரெண்டுமே ரூல்ல கெடையாதுங்க! போன மாசம் பசங்களுக்காக உக்காந்து ரூல் பேப்பர முழுசா படிச்சேன். போய் நிக்கிற இடத்த ஒருத்தர் வாங்கலன்னா பேங்க் உடனே அத ஏலம் விடணும், யார் வேணா கேக்கலாம், வேணாம்னு சொன்னவரே கூட கேக்கலாம். மொத்த ஆட்டமும் இதுலதான் இருக்கு. இடமெல்லாம் சட்டுனு வித்துப்போகும், அடுத்தவன் கைல எவ்ளோ காசு இருக்குன்னு கண்ணு வெச்சிட்டே இருக்கணும்.

எங்க அத்தை இருபது வருஷத்துக்கு மேல கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல விடியக்காலைல போயி ஏலத்துல மீன் எடுத்து விக்கிறவங்க. அவங்கள ஆட்டத்துக்கு உக்கார வெச்சோம். போர்டுல இருக்குற இங்கிலீஷ் பேரு படிக்க வராது, கலர மட்டும் பாத்தாங்க. ஜெயில் கட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு பகடைல 6, 8, 9 விழுந்தா ஆரஞ்சு கலர்லதான் வந்து நிப்பாங்க, அதுல எனக்கு மூணாவது இடம் வேணும்னு தெரிஞ்சதும் ஏலத்த ஏத்திகிட்டே போனாங்க, நான் கைல இருந்ததெல்லாம் போட்டு கேட்டதும் சட்டுனு நிறுத்திட்டாங்க. இடம் வந்துச்சு, வீடு கட்ட காசு இல்ல. "கூடைய எடுத்துட்டு ஐஸுக்கு காசில்லாம நிக்கிறியேடா"ன்னாங்க.

பெட்டில வீடு 32தான், தீந்தா தீந்ததுதான். அத்தை ரெண்டு கலர்ல 24 வீடு கட்டிட்டு ஹோட்டலா மாத்தவே இல்ல, மாத்துனா வீடெல்லாம் பேங்குக்கு திரும்பிடும், நாங்க எடுத்துடுவோம்ல. மீதி 8 வீட்டுக்கு நாங்க மூணு பேரு. ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிட்டாங்க.

இந்த ஆட்டத்துக்கு மூலமா இருந்த ஆட்டத்துக்கு 1904ல காப்புரிமை வாங்குனது லிசி மேகின்னு ஒரு அமெரிக்கப் பெண், நெலம் ஒருத்தர் கைல குவிஞ்சா மத்தவங்க கதி என்னன்னு காட்டத்தான் அத உருவாக்குனாங்க. அத பையன்கிட்ட சொன்னேன், அவன் நேரா அத்தைகிட்ட "ஆயா, துறைமுகத்துலயும் ஒருத்தரே எல்லாத்தையும் எடுத்துடுவாங்களா"ன்னு கேட்டான். "பெரிய ஏவாரி வந்தா எடுப்பான், அன்னிக்கு நாங்க நாலு பேரு காச ஒண்ணா போட்டு ஒரு கூடை கேப்போம்"னாங்க.