விலைபோனார்கள் என்று சொல்லும் முன் அந்த ஆல்பத்தைக் கேளுங்கள்

அமெரிக்காவின் லெஸ் தேன் ஜேக் இசைக்குழுவின் ‘இன் வித் தி அவுட் க்ரவுட்’ ஆல்பத்தின் பெயரை எடுத்தாலே போதும், ஜமைக்காவின் ஸ்கா இசையையும் வேகமான பங்க் ராக்கையும் கலந்த ஸ்கா-பங்க் இசையின் ரசிகர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் யாராவது ஒருவர் ‘அதோடு அவர்கள் விலைபோய்விட்டார்கள்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறார். 2006இல் வெளிவந்த ஆல்பம் அது. அதை முழுதாக ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் இன்றுவரை இதே வரியை மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

பெரிய நிறுவனத்தோடு சேர்ந்ததுதான் குற்றமா? புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் 1992இல் தொடங்கிய இந்தக் குழு, 1996இல் ‘லூசிங் ஸ்ட்ரீக்’, 1998இல் ‘ஹலோ ராக்வியூ’ என்று இரண்டு ஆல்பங்களைக் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தின் வழியாகத்தான் வெளியிட்டது. அவ்விரண்டையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்களே, 2006இல் சைர் என்ற இன்னொரு பெரிய நிறுவனம் வெளியிட்டது என்பதற்காக இந்த ஆல்பத்தைத் தூற்றுவதில் என்ன நியாயம் இருக்கிறது? 2003இல் வந்த ‘ஆன்தம்’ ஆல்பமும் சைர் வெளியீடுதான். அப்போது அந்தப் பணம் யார் கண்ணையும் உறுத்தவில்லையா? ‘ஜானி க்வெஸ்ட் திங்க்ஸ் வீ ஆர் செல்லவுட்ஸ்’ (நாங்கள் விலைபோனவர்கள் என்று ஜானி க்வெஸ்ட் நினைக்கிறான்) என்று இந்தப் பழியையே தலைப்பாக்கி அவர்கள் பாடிய பாட்டு ‘லூசிங் ஸ்ட்ரீக்’கிலேயே இருக்கிறது. அதைக் கூடவே சேர்ந்து பாடிவிட்டு, பத்தாண்டு கழித்து அதே பழியைப் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல வீசுகிறார்கள்.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. டிராம்போனும் சாக்சபோனும் வாசிக்க முழுநேரக் கலைஞர்கள் இருவர் குழுவில் இருக்கும்போது, அவர்களைப் பெரும்பாலான பாடல்களில் ஓரங்கட்டியது எனக்கும் வருத்தம்தான். தயாரிப்பாளர் ஹோவர்ட் பென்சனின் கைவண்ணத்தில் ஒலி மிகையாகவே மழுங்கித் தேய்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை உட்கார்ந்து பேச நான் தயார். ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. எந்தப் பாட்டில் எது குறைந்தது, எது மெட்டுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு சொல் கிடையாது. ஊதுகருவிகள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதோடு அவர்களுடைய ரசனை முடிந்துவிடுகிறது.

ஊதுகருவிதான் அளவுகோல் என்றால், ஸ்கா-பங்க் என்ற வகைக்கே அடித்தளம் போட்ட ஆபரேஷன் ஐவியை என்ன செய்யப் போகிறார்கள்? கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்து வந்த அந்தக் குழுவில் ஒரு பாடகரும் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும்தான் இருந்தன. 1989இல் அவர்கள் வெளியிட்ட ‘எனர்ஜி’யில் சாக்சபோன் தலைகாட்டுவது அரிது. அதன் உறுப்பினர்கள் இருவர் பின்னர் தொடங்கிய ரான்சிட் குழுவும் ஊதுகருவிக் கலைஞர்களை நம்பி நின்றதில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த நாள்முதல் ஸ்காவின் உயிர் தாளத்தின் இடைவெளியில் வெட்டி விழும் அந்த ஆஃப் பீட் கிட்டாரில்தான் இருக்கிறது. டிராம்போனைத் தேடுகிற இவர்கள், அந்த ஆஃப் பீட் இந்த ஆல்பத்தில் குறைந்துபோனதையல்லவா முதலில் கவனித்திருக்க வேண்டும்?

இதைவிடக் கொடுமை அதன் பிறகு நடந்தது. சைரை விட்டு வெளியேறி, சொந்த நிறுவனம் தொடங்கி, தங்கள் ஊரின் பெயரையே சுருக்கி ‘ஜிஎன்வி எஃப்எல்ஏ’ என்று பெயரிட்ட ஆல்பத்தில் 2008இல் ஸ்காவோடு திரும்பி வந்தது அதே குழு. அப்போது, முன்பு ‘மாறிவிட்டார்கள்’ என்று கத்தியவர்களே ‘பழைய பாணியையே அரைக்கிறார்கள்’ என்று உதட்டைப் பிதுக்கியதை என் காதாலேயே கேட்டேன். மாறினாலும் வசை, மாறாவிட்டாலும் வசை என்றால் ஒரு குழு எதைத்தான் வாசிப்பது?

‘இன் வித் தி அவுட் க்ரவுட்’ ஆல்பத்தில் வரும் ‘தி ரெஸ்ட் ஆஃப் மை லைஃப்’ பாடலில் வேகத்தைக் குறைத்து, இழப்பை நேருக்கு நேர் பாடியிருக்கிறார்கள். அது பிடிக்கவில்லை என்றால், ஏன் பிடிக்கவில்லை என்று அந்தப் பாட்டை வைத்தே சொல்லுங்கள். நானும் பதில் சொல்கிறேன்.