அந்த பாட்டிலில் நத்தை இருந்ததா?

லா காலேஜ் சேர்க்கை நேரம் வந்தால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். “அக்கா, ஃபர்ஸ்ட் இயர் ரொம்பக் கஷ்டமா?” பாஸ் ஆவதைக் கேட்கிறீர்கள் என்றால், கஷ்டமே இல்லை. கைடு இருக்கிறது. பரீட்சைக்கு இடையில் விடும் லீவில் ஒரு பேப்பரை உருப்போட்டுத் தேறிவிடலாம். அப்படித் தேறி வந்தவர்கள் ஆளுக்கொரு கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் என்ன பாடு படுகிறார்கள் என்பதை தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்ட்ஸ், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு ஒப்பந்தம் இல்லாமலே நஷ்டஈடு கேட்கும் சட்டம், அந்த வகுப்பு தொடங்கியதுமே நத்தை வந்துவிடும். 1928, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். டொனாஹ்யூ என்ற பெண்ணுக்கு உடன் வந்தவர் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கிறார். கொஞ்சம் குடித்தாகிவிட்டது. மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுகிறது. கைடில் இதற்கு நாலு வரி: பாட்டிலில் நத்தை இருந்தது, தயாரித்தவர் கவனக்குறைவு, நஷ்டஈடு கொடுக்க வேண்டும், நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்ற அயலார் கோட்பாடு. எழுதினால் மார்க் விழும்.

தீர்ப்பைப் படித்தால் கதையே வேறு. நத்தை இருந்ததா என்பதை அன்றைக்கு பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை விசாரிக்கவே இல்லை. அந்தம்மா சொல்வதெல்லாம் நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பது மட்டுமே அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. காசு கொடுத்து வாங்கியவர் அவர் இல்லையே, ஒப்பந்தம் என்று எதைக் காட்டுவார்? 1932இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழக்கு நிற்கும் என்றார்கள். அதன் பிறகுதான் சாட்சி விசாரணை நடந்திருக்க வேண்டும். அதற்குள் தயாரிப்பாளர் இறந்துவிட, சமரசத்தில் முடிந்தது. நத்தை இருந்தது என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். போன மாதம் ஒரு ஜூனியர், பிளைன்டை, அதாவது வாதியின் வழக்குரையை, ஆரம்பத்திலேயே நிராகரிக்கச் சொல்லி சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 7 ரூல் 11 மனுவில் வாதாடிக்கொண்டிருந்தார். வாதி சொல்வது பொய், எங்கள் பதிலுரையைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நீதிபதி பொறுமையாக, “பிளைன்ட்ல சொன்னதெல்லாம் உண்மைன்னே வச்சுக்குவோம், அப்பவும் வழக்கு நிக்காதுன்னு சொல்லுங்க” என்கிறார். பையனுக்குப் புரியவில்லை. முதல் செமஸ்டரில் நத்தையைப் பற்றி பத்து மார்க்குக்கு எழுதியவர்தான் அவரும்.

ஒப்பந்தச் சட்டத்திலும் இதே கூத்து. பால்ஃபர் வழக்கு, 1919. கணவனுக்கு நம் பக்கத்து இலங்கையில் அரசு வேலை. லீவில் இங்கிலாந்து போனவர் திரும்பும்போது, உடம்பு சரியில்லாததால் மனைவி அங்கேயே தங்குகிறார். மாதம் முப்பது பவுண்டு தருகிறேன் என்கிறார் கணவன். பிறகு உறவு முறிகிறது, மனைவி வழக்குப் போடுகிறார், தோற்கிறார். ‘கணவன் மனைவிக்குள் ஒப்பந்தம் செல்லாது’ என்று கைடு முடித்துவிடும். செல்லும்! 1970இல் மெரிட் வழக்கில், பிரிந்துபோன கணவன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதிக்கொடுத்த காகிதம் செல்லும் என்றே தீர்ப்பானது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எண்ணிச் செய்தார்களா என்பதுதான் கேள்வி, தாலி இருக்கிறதா என்பது இல்லை. பால்ஃபரில் மனைவியை வெறுங்கையோடு அனுப்பிய நீதிபதிகளில் ஒருவர் அட்கின். நத்தை வழக்கில் டொனாஹ்யூவுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் அதே அட்கின்தான்.

லால்மன் சுக்லா வழக்கு (1913) எனக்கு ரொம்பப் பிடித்தது, வயிற்றெரிச்சலும் அதில்தான். முதலாளியின் காணாமல்போன உறவுக்காரப் பையனைத் தேடி ஹரித்வாருக்கு அனுப்பப்பட்ட முனீம், அதாவது கணக்குப்பிள்ளை. அவர் கிளம்பிய பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று நோட்டீஸ் வருகிறது. விஷயமே தெரியாமல் அவர் ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடிக்கிறார். பின்னால் பரிசைக் கேட்டு அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்கிறார். அறிவிப்பு தெரியாதவர் அதை ஏற்றிருக்க முடியாது என்பது எல்லா கைடிலும் இருக்கும். அவர் ஏற்கெனவே தேடும் கடமையோடு அனுப்பப்பட்டவர், அந்தக் கடமையைச் செய்ததற்குப் பரிசு கேட்க முடியாது என்று நீதிபதி சொல்வது பாதி கைடில் இருக்காது. இரண்டாவது காரணத்தோடு சண்டை போடலாமா கூடாதா என்று ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம். யாரும் விவாதிக்க மாட்டார்கள்.

குற்றவியலுக்கு இப்போது இன்னொரு தலைவலி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பி.என்.எஸ். என்கிற பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கான 302 இப்போது 103, ஊரே வசவாகப் பயன்படுத்தும் 420 இப்போது 318(4). ஆசிரியர் வாயில் பழைய எண், கேள்வித்தாளில் புதிய எண், லைப்ரரி புத்தகத்தில் பழையது. எண்களை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் பாவம். ஆனால் பழைய 299, 300 பிரிவுகளை வைத்து குற்றமுறு மரணம் விளைவிப்பதற்கும் கொலைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு எதுவுமே மாறவில்லை. அந்த வாசகங்கள் ஏறக்குறைய அப்படியே 100, 101 ஆக உட்கார்ந்திருக்கின்றன. திருட நினைத்துக் கோழியைச் சுட, குண்டு புதருக்குப் பின்னால் இருந்த ‘பி’ மேல் பாய்கிற உதாரணம் உட்பட.

அரசமைப்புச் சட்டத்தில் ஆரம்ப காலத் தீர்ப்புகளைத் திறந்தால் எதிர்த்தரப்பில் அடிக்கடி நம்மூர்தான் நிற்கும்: ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ். கோபாலன், ரொமேஷ் தாப்பர், அப்புறம் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன். இந்தக் கடைசி வழக்கு நடத்தும் நாளில் வகுப்பு திடீரென்று அமைதியாகிவிடும். யார் எந்தப் பிரிவில் சீட் வாங்கி வந்தார்கள் என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு எடுத்தவர் பத்தே நிமிடத்தில் முடித்து அடுத்த தலைப்புக்கு ஓடினார். நாங்கள் கேள்வி கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

எவ்வளவு பெரிய இழப்பு அது! ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, ஹரிஜனங்களுக்கு இரண்டு, மிச்சம் மற்றவர்களுக்கு என்று அந்த வகுப்புவாரி ஆணையின் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் இருக்கிறது. முக்கியமானது, அரசு வேலையில் பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்க 16(4) இருக்கிறது, கல்விக்கு அப்படியொரு உட்பிரிவு இல்லையே என்று நீதிபதிகள் 1951இல் சுட்டிக்காட்டிய இடம். அதே வருஷம் அரசமைப்பின் முதல் திருத்தத்தில், கல்வி இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4) ஏன் அந்த வடிவத்தில் வந்தது என்பதற்கு விடை அந்தப் பத்தியில்தான் கிடக்கிறது. இட ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள்கூட இதைப் படிக்காமல் ‘அடிப்படை உரிமை பெரியதா, நெறிமுறைக் கோட்பாடு பெரியதா’ என்று சிறுகுறிப்பு எழுதிவிட்டு வருகிறார்கள்.

சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்தக் கால இங்கிலீஷ் தீர்ப்பில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டும். கைடு எளிய இங்கிலீஷில் இருக்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. கான்வென்ட் பிள்ளைகள், மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட்டில் ‘மை லார்ட்’ என்று அசத்தும்போது பின் பெஞ்சில் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மாவட்டக் கோர்ட்டில் சாட்சி தமிழில்தான் பேசுவார், நீங்களும் தமிழில்தான் குறுக்கு விசாரணை செய்வீர்கள். அன்றைக்கு ‘மை லார்ட்’ பார்ட்டிகள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கு நடுவே சேர்ந்த மாதமே சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பைக்கில் ‘அட்வகேட்’ ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். இரண்டுக்கும் ஐந்து வருஷமோ மூன்று வருஷமோ பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைடு வாங்குங்கள், பரீட்சைக்கு அது வேண்டும். கூடவே வாரத்துக்கு ஒரு தீர்ப்பு, இந்தியன் கானூன் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். இரண்டு பேராக உட்காருங்கள், ஒருவர் வாசிக்க, மற்றவர் தமிழில் சொல்ல. லால்மன் சுக்லாவில் ஆரம்பியுங்கள், சின்னத் தீர்ப்பு, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். புரியாத பத்தியை எனக்கு அனுப்புங்கள். பதில் கொஞ்சம் தாமதமாகலாம், கோர்ட் லீவு முடிந்துவிட்டது.