திரும்பச் சொன்னாலும் முழுக்கூலி

சொந்தப் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு உவரி, கூட்டப்பனை, இடிந்தகரை, புன்னக்காயல் பக்கம் தூண்டில் போட வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஜிபிஎஸ் இருந்தாலும் அந்தத் துறைக்காரர் ஒருவர் கூட இல்லாமல் இறங்காதீர்கள். அவரை அமர்த்தும்போதே, "நீங்க திரும்பணும்னு சொன்னா திரும்பிடுவோம், கூலி முழுசா தந்திடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். மீன் பட்டால் இவ்வளவு, இன்ன இடம் போய்ச் சேர்ந்தால் இவ்வளவு என்று பேசினால், பின்வாங்க வேண்டிய நேரத்தில் அவரையும் முன்னே தள்ளிவிடுகிறீர்கள்.

துறைக்காரர் என்றால் அதே ஊர்க்காரர், இந்த வாரம் கடலுக்குப் போய்வந்தவர். பக்கத்து ஊர்க்காரருக்குப் பொதுவான கடலறிவு இருக்கும். ஆனால் நேற்று எந்த இடத்தில் அலை உடைந்தது என்று தெரியாது. தாமிரபரணி முகத்துவாரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஒரு வெள்ளம் வந்தால் மணல்திட்டு இடம் மாறிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த செயற்கைக்கோள் படத்தை நம்பி உள்ளே நுழைவது எவ்வளவு ஆபத்து!

திட்டின் மேல் என்ன நடக்கிறது என்று கணக்காகவே பார்க்கலாம். தண்ணீர் நாலடி, அலை மூன்றடி. அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போது கீழே இருப்பது ஏறத்தாழ இரண்டரை அடிதான். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் கால் அந்த அளவுக்குத் தாழ்ந்திருந்தால் விசிறி மணலில் இடிக்கும். விசிறிக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கிவிட்டால் இன்ஜின் இரையும், படகு நகராது. அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பும், அதற்கடுத்தது கவிழ்க்கும். அதனால் உங்கள் படகு எவ்வளவு ஆழம் கேட்கும், இன்ஜினை எவ்வளவு தூக்கலாம், மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைக் கரையிலேயே அவரிடம் சொல்லுங்கள். அவர் கண் பழகியது அவருடைய வள்ளத்துக்கு. முகத்துவாரத்தைத் தாண்டும்போது சுக்கானை அவர் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று கையால் காட்ட, நீங்கள் அப்படியே ஓட்ட வேண்டும். இரண்டு பேர் முடிவெடுக்கக் கூடாது.

வெளியூர்க்காரர்களை அதிகம் ஏமாற்றுவது கச்சான். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று, ராதாபுரம் தேரிக்காட்டைத் தாண்டிக் கடலில் இறங்குகிறது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கரையோரம் குளம்போல் கிடக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனபிறகுதான் கடல் கொந்தளிப்பது தெரியும். போகும்போது முதுகில் தள்ளும் காற்று, வரும்போது முகத்தில் அறையும். எண்ணெய் இரண்டு மடங்கு ஆகலாம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது சாதாரண நாள் கணக்கு. கச்சான் நாளில் அதுவும் போதாது. துறைக்காரர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் கேள்வி கேட்காமல் படகை டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள்.

பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடத்தில் இன்ஜின் நின்றால் யோசிக்கவே நேரம் இருக்காது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து கரையோரப் பாறையில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு பெரியதுக்கே அந்தக் கதி. பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும்போது வழிகாட்ட உள்ளூர் பைலட் ஏறுவது சும்மா மரியாதைக்காக அல்ல. 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 1908-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது.

ஆளை எப்படித் தெரிந்துகொள்வது? நேராகக் கேளுங்கள்: "அண்ணாச்சி, இந்த வாரம் எந்தப் பக்கமா வெளிய போறீங்க? இப்ப வாநீவாடா, சோநீவாடா? பார்மேல எத்தனை பாகம் தண்ணி?" வாநீவாடு, சோநீவாடு என்பவை கடல் நீரோட்டத்தின் போக்குகள்; பாகம் என்றால் ஏறத்தாழ ஆறடி. தெரிந்தவர் இடத்தையும் அளவையும் சொல்வார். "எல்லாம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். குடித்திருந்தால் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வேண்டாம். கூலியை நீங்களாக நிர்ணயிக்காதீர்கள். அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் பங்கு எவ்வளவு என்று விசாரித்து, அதற்குக் குறையாமல் கொடுங்கள். அவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் கொண்டுபோங்கள். வேண்டாம் என்பார், போடச் சொல்லுங்கள்.

வலை விஷயத்தில் அவர் இல்லாமல் முடியவே முடியாது. சிங்கி இறால் வலை பாரோரம் அடியில் கிடக்கும்; மேலே அடையாளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கேன்தான் மிதக்கும். அதை அறுத்தால் ஒரு வீட்டுப் பிழைப்பையே அறுத்ததாக அர்த்தம். நங்கூரமும் அவர் காட்டும் மணல் தரையில்தான். பாகம் என்றால் ஏறத்தாழ ஆறடி. ஆறு பாகத் தண்ணீரில் காற்றடித்தால் கயிறு 180 அடியாவது விட வேண்டும்.

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கத் தடை. எந்த வழிகாட்டி அழைத்தாலும் போகாதீர்கள். காரையாறும் மணிமுத்தாறும் புலிகள் காப்பக எல்லை, சொந்தப் படகு என்ற பேச்சே கிடையாது.

புறப்படும் முன் இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையம்) அறிவிப்பில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து கரையில் மோதும். துறைக்காரர் கண்ணுக்கே முன்கூட்டித் தெரியாதது இது ஒன்று. திரும்பும் நேரத்தை அவர் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கொஞ்ச தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும் என்பதால் 16-ஆம் சேனலில் வைத்த விஎச்எஃப் ரேடியோ ஒன்றும் படகில் இருக்கட்டும்.