சான்றிதழுக்காகக் காத்திருந்த மாணவி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உண்மைதான். 2020-இல் அந்தச் சட்டம் வந்தபோது மனம் நிறைந்து மகிழ்ந்தவன் நான். அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது.

ஆனால் அந்தக் கதவு வரை வந்துசேர முடியாத பிள்ளைகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! நான் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த இருளர் பழங்குடி மாணவி ஒருத்தி பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். கல்லூரிச் சேர்க்கைக்கு அவளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பெற்றோரின் பழைய சான்று எங்கே என்று கேட்டார்கள். சூளைக்குச் சூளை மாறிச் செங்கல் அறுத்துப் பிழைத்தவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்? அவள் அப்பா கூலியை விட்டுவிட்டு நாள்கணக்கில் அலைந்தார். சான்றிதழ் கைக்கு வந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. அவளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

ஆறாம் வகுப்பில் சேரும்போதே அதிகாரிகள் அந்தக் குடியிருப்புகளுக்கு நேரில் போய் விசாரித்துச் சான்றிதழ் கொடுக்கலாமே? பிளஸ் டூ முடிவு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?