ஃபரவஹர் திருட்டுச் சின்னம் இல்லை

நேற்று அந்தப் படத்தின் கீழ் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பார்சிப் பெண் (பாரசீகத்திலிருந்து இந்தியா வந்த சொராஸ்டிர சமயத்தவர்), கழுத்தில் ஃபரவஹர் பதக்கத்தோடு, அதாவது சிறகு விரித்த வட்டத்தில் தாடி வைத்த மனித உருவம் உள்ள அவர்கள் சின்னத்தோடு, படம் போட்டு நவ்ரோஸ் புத்தாண்டு வாழ்த்து சொல்கிறார். உடனே ஒருவர் வந்து, "இது எகிப்தில் திருடியது, உங்கள் வேதத்திலேயே கிடையாது, அர்த்தம் தெரியாமல் மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள்" என்று பாடம் எடுக்கிறார். அதற்கு அத்தனை விருப்பக்குறி. அதில் நாலு பேர் என் நண்பர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிறகு விரித்த வட்டம் எகிப்தில் முன்பே இருந்தது. சரி, யார் இல்லையென்றார்கள்? அங்கே அது சூரியன், ஹோரஸ் என்ற தெய்வம். அசீரியாவுக்குப் போனபோது வட்டத்துக்குள் வில்லேந்திய ஓர் உருவம் வந்தது. பாரசீகத்தில் வில் போய்க் கையில் வளையம் வந்தது. மேற்கு ஆசியா முழுக்கப் புழங்கிய ஒரு வடிவத்தை அவரவர் தம் நம்பிக்கைக்கு ஏற்ப மாற்றிச் செதுக்கிக்கொண்டார்கள். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

ஈரானில் இருக்கும் பெஹிஸ்தூன் மலையைப் பாருங்கள். கி.மு. 520 வாக்கில் பாரசீக அரசன் முதலாம் டாரியஸ் அங்கே தன் வெற்றியை மூன்று மொழிகளில் வெட்டி வைத்தான். கைகள் கட்டப்பட்டு நிற்கும் கலகக்காரர்கள், காலடியில் கிடக்கும், அரியணைக்கு அவனோடு போட்டியிட்ட கௌமாதா, ஒவ்வொருவருக்கும் இன்னார் என்று பெயர் பொறித்திருக்கிறது. மேலே சிறகோடு மிதக்கும் அந்த உருவத்துக்கு மட்டும் பெயர் இல்லை. கல்வெட்டு முழுக்க 'அகுரா மஸ்தாவின் அருளால்' என்று வருவதால் அது அவர்கள் கடவுளான அகுரா மஸ்தாதான் என்பவர்கள் உண்டு. அரசனுக்குரிய தெய்வீக ஒளி என்பவர்கள் உண்டு. மனிதனைக் காக்கும் ஆவியான ஃப்ரவஷி என்று பார்சிகள் பலர் சொல்கிறார்கள். செதுக்கியவனே பெயர் எழுதாத ஒன்றுக்கு, நேற்று வந்தவர் மட்டும் ஒரே அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடித்தார்?

மும்பையில் வேலை பார்த்தபோது இரண்டு வருடம் தாதர் பார்சி காலனியில் ஒரு வயதான அம்மா வீட்டில் குடியிருந்தேன். காலையில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணப்பொடி நிரப்பி வாசற்படியில் தட்டுவார். வரிசையாக மீன்கள் விழும். நம் வீட்டுக் கோலம் ஞாபகம் வந்து நானும் நின்று பார்ப்பேன். அவர் கழுத்திலும் இதே பதக்கம். கட்டைவிரலால் தடவித் தடவி ஒரு பக்கச் சிறகில் கோடே இல்லை, வழவழவென்று ஆகியிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன். "என் பாட்டி இதைப் போட்டு நான் பார்த்ததில்லை, டிக்ரா (பிள்ளையே). எனக்கு இது என் அம்மா, என் அப்பா, போய்ச் சேர்ந்த எல்லோரும்" என்றார்.

பாட்டி போட்டதில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் போட்டிருந்தார். இவர்களைப் பார்த்தா அர்த்தம் தெரியாதவர்கள் என்கிறீர்கள்?

அவர்கள் வேதமான அவெஸ்தாவில் ஃப்ரவஷிகள் பெண்பால், படத்தில் தாடி வைத்த ஆண் இருக்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றடுக்கு இறகு என்றால் நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்பது அண்மைக்கால விளக்கம்தானே? ஆமாம். ஆனால் அந்த மூன்றும் அவர்கள் வேதத்தில் இருப்பவை. பழைய நம்பிக்கையைப் பழைய படத்தோடு சேர்த்துக்கொண்டார்கள், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இஸ்லாம் வருவதற்கு முன் பாரசீகத்தைக் கடைசியாக ஆண்ட சாசானியர் காலத்தில் இந்தச் சின்னம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. திரும்ப வந்து, ஈரானின் யஸ்து நகரில் 1934-இல் கட்டிய அக்னி ஆலயத்தின் முகப்பில் இன்றும் இருக்கிறது. 1979-க்குப் பிறகு ஈரான் கொடியிலிருந்து சிங்கமும் சூரியனும் போய்விட்டன, ஆனால் மக்களிடமிருந்து இந்தச் சின்னம் போகவில்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஈரானியர்கள்கூடத் தங்கள் மண்ணின் அடையாளம் என்று கழுத்தில் அணிகிறார்கள். அத்தனை பேரையும் நிறுத்தி வைத்து ரசீது கேட்பீர்களா?

சின்னஞ்சிறு சமூகம். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. பண்டிகை நாளில் அதில் ஒரு பெண்ணைப் பிடித்துவைத்து அவமானப்படுத்தியிருக்கிறீர்கள். ராத்திரி பார்த்தேன், அவர் படத்தையே நீக்கிவிட்டார்.

அந்த நாலு பேருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப மனம் வரவில்லை. அவர் படத்தைப் பகிர்ந்து அந்த ஆள் போட்ட பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதிலும் உங்கள் பெயர்கள் இருக்கின்றன. போய் அந்த விருப்பக்குறியை எடுங்கள்.